விமானியின் வாரும் சாரதியின் பட்டியும்

1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆந் திகதி காலை, யப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தைத் தாக்கின. அவற்றை எதிர்க்கச் சீனன்குடாத் தளத்திலிருந்து ஹரிக்கேன் விமானங்கள் எழுந்தன. அவற்றின் விமானிகள், தோள்களின் மேலும் தொடைகளின் மேலும் வந்து வயிற்றருகே ஒன்றுசேரும் நான்கு வார்களால் ஆசனத்தோடு பிணிக்கப்பட்டிருந்தனர். வானிலே குட்டிக்கரணமிடும் ஊர்தியில் அப்பிணிப்பு இன்றியமையாதது.

விமானத்திற் பழகிய இம்முறையே பின்னர்ப் பந்தயக் காருக்கும் வந்தது. 1972இல் பார்முலா ஒன் பந்தயங்களில் ஆறிடத்திற் பிணிக்கும் வார் கட்டாயமாயிற்று.

ஆயின் தெருவிற் செல்லும் காரின் தேவை வேறு. விமானத்திலிருந்து விமானியை வெளியே எறிந்து காக்கும் ஆசனங்களை அமைத்துப் பழகியவர் சுவீடன் நாட்டு நீல்ஸ் போலின். அவர் 1959இல் வொல்வோ நிறுவனத்துக்காக மூன்றிடத்திற் பிணிக்கும் பட்டியை ஆக்கினார். அதனை ஒரு கையாற் பூட்டலாம். அந்நிறுவனம் அதனைப் பிறரும் பயன்படுத்த அனுமதித்தது.

இன்று பந்தய ஆசனத்தையும் வாரையும் சாதாரணக் காரிற் பொருத்த விழைவோர் ஒன்றை எண்ணுதல் வேண்டும். பந்தயக் காரில், கவிழ்ந்தாலும் நசுங்காத உருக்குக் கூடு உண்டு. கழுத்தைக் காக்கும் சாதனமும் உண்டு. அவை இல்லாத காரின் கூரை அமுங்குமாயின், இறுகப் பிணித்த உடல் சாய்ந்து ஒதுங்க வழியில்லை. காக்க வந்த வாரே கேடு விளைத்தல் கூடும்.

இலங்கையில் 2011ஆம் ஆண்டில் சாரதியும் முன்னாசனப் பயணியும் ஆசனப்பட்டி அணிதல் கட்டாயமாயிற்று. திருகோணமலையிலிருந்து கந்தளாய் வழியே நெடுந்தூரம் செல்லும் சாரதிக்கு, முறையாகப் பூட்டிய அந்த எளிய பட்டியே தக்க காவல்.