மாறா விதியை மாற்றும் விதி

இணையத்தில் நாடாளுமன்றம் அமைத்து விளையாடுகிறவர்களுக்கு உண்மையான சிக்கல் சட்டம் இயற்றுவதில் இல்லை. சட்டம் இயற்றும் முறையை யார், எப்படித் திருத்தலாம் என்பதில்தான் இருக்கிறது. அதையே விளையாட்டாக்கியவர் அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர் பீட்டர் சூபர். அவருடைய ‘நோமிக்’கை 1982-இல் டக்ளஸ் ஹாஃப்ஸ்டாடர் ‘சயன்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில் அறிமுகப்படுத்தினார். தொடக்கத்தில் 29 விதிகள். அவற்றில் 16 மாறா விதிகள். ஆனால் எல்லோரும் ஒருமனதாக வாக்களித்தால் மாறா விதியும் மாறும் விதியாகிவிடும், பிறகு திருத்தலாம். அரசியல் சாசனத்தின் உறுதி அதன் சொற்களில் இல்லை, திருத்தும் வழியின் கடினத்தில் இருக்கிறது என்பதை இத்தனை எளிமையாகக் காட்டிய வேறொன்றை நான் அறியேன்.

203ஆம் விதியைப் பாருங்கள். முதலில் எந்தத் திருத்தத்துக்கும் ஒருமனது தேவை; அந்த விதியை யாரும் திருத்தாவிட்டால், இரண்டு முழுச் சுற்றுகள் முடிந்ததும் சாதாரணப் பெரும்பான்மையே போதும் என்று அது தானாக மாறிக்கொள்ளும். ஒருவரையொருவர் அறியாத அவைக்கு முதலில் பாதுகாப்பு, பிறகு வேகம். பெரும்பான்மையினர் சிறுபான்மையினரின் வாக்குரிமையைப் பறித்தால் என்ன செய்வது? வாக்குரிமை மாறா விதிகளில் இருக்கிறது. இழப்பவரின் சம்மதம் இல்லாமல் அதைத் தொட முடியாது. ஆனால் ‘ஒருவருக்கு ஒரு வாக்கு’ என்பது மாறும் விதிகளில் கிடக்கிறது. பெரும்பான்மையினர் தங்களுக்கு மட்டும் இரண்டு வாக்குகள் கொடுத்துக்கொள்ள வழி இருக்கிறது. இது ஆட்டம்தானே என்று சிலர் ஒதுக்கக்கூடும். ஆனால் 1993 முதல் இணையத்தில் நடந்துவரும் ‘அகோரா’ போன்ற நோமிக் அவைகளில் உறுப்பினர்கள் ஆண்டுக்கணக்கில் உழைக்கிறார்கள். அப்படி ஓர் அவையைத் தொடங்கும்போது ‘ஒருவருக்கு ஒரு வாக்கு’ விதியை மாறா வரிசைக்கு ஏற்றுவதே முதல் வேலையாக இருக்க வேண்டும்.