ராஜநாயக்கன் கையிலிருந்த புத்தகம்

2023 ஜனவரி 30. நம் திருவண்ணாமலை மாவட்டத்தில், தண்டராம்பட்டு பக்கம் தென்முடியனூர். மாவட்ட ஆட்சியரும் காவல்துறையும் துணைக்கு நிற்க, தலித் மக்கள் ஊர் அம்மன் கோயிலுக்குள் காலெடுத்து வைத்தார்கள். அறநிலையத்துறையின் கோயில்தான் அது. சென்னை மாகாணத்தில் ஆலய நுழைவுச் சட்டம் வந்தது 1947இல். சட்டம் எழுதிய இடத்திலிருந்து அந்த வாசலுக்கு வந்துசேர 75 ஆண்டுகள் ஆயின.

அந்தச் செய்தி வந்த நாட்களில் தோழர்கள் பலர் கேட்டார்கள்: "உள்ளே விடாத சாமியிடம் நமக்கென்ன வேலை?" அதே தோழர்கள் இன்னொன்றும் கேட்பதுண்டு. காலனியில் வேலை முடிந்து வந்த அம்மாக்கள், ராத்திரி விளக்கடியில் வரிக்கு வரி விரல் வைத்து பைபிள் வாசிக்கிறார்களே, அதனால் சாதி ஒழிந்துவிடுமா?

நல்ல கேள்வி. ஆனால் அந்த விரல் அந்த வரியில் வந்து நின்ற கதையைத் தெரிந்துகொண்டு கேட்க வேண்டும்.

திருவண்ணாமலை நகரத்தில் டேனிஷ் மிஷன் பள்ளியைத் தெரியாதவர்கள் குறைவு. டென்மார்க்குக்கும் தமிழுக்கும் உள்ள தொடர்பு அந்தப் பள்ளியைவிட மிகப் பழையது. டென்மார்க் அரசன் நான்காம் பிரெடரிக் அனுப்பிய சீகன்பால்கும் புளுட்சோவும் 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் இறங்கினார்கள். சீகன்பால்கு தமிழ் படித்தார். புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்த்தார். அச்சு இயந்திரம் கப்பலில் வந்தது. நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும் 1714இல் அச்சாயின. 1715இல் புதிய ஏற்பாடு முழுதும் முடிந்தது.

தமிழ்க் கிறிஸ்தவர்கள் இந்தப் புத்தகத்தை 'வேதம்' என்றார்கள். அந்தச் சொல்லைக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். வேதத்தைக் காதால் கேட்ட சூத்திரனின் காதில் உருக்கிய ஈயத்தை ஊற்றச் சொல்கிறது கௌதம தர்மசூத்திரம். சூத்திரனுக்கே அந்தத் தண்டனை என்றால், வருணத்துக்கு வெளியே தள்ளப்பட்டவனைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. தரங்கம்பாடியில் அதே ஈயத்தை எழுத்தாக வார்த்தார்கள். 'வேதம்' என்ற பெயரில் ஒரு புத்தகம், யார் வேண்டுமானாலும் கையில் எடுக்கும்படி, வெளியே வந்தது.

அப்படி எடுத்தவர்களில் ஒருவர் ராஜநாயக்கன். தஞ்சாவூர் மராட்டிய அரசரின் படையில் பணியாற்றியவர். பிறப்பால் பறையர். கத்தோலிக்கக் குடும்பம். ஜெபமும் புனிதர் கதைகளும் அவருக்குப் புதிதல்ல. ஆனால் சுவிசேஷத்தைத் தானே எழுத்துக்கூட்டிப் படிக்கும் வாய்ப்பு அதுவரை அவருக்கு இல்லை. 1720களில் தரங்கம்பாடி அச்சுப் புத்தகம் அவர் கைக்கு வந்தது. எந்தப் பாதிரியாரும் தேடிவந்து அதைக் கொடுக்கவில்லை. கைமாறிக் கைமாறி வந்த புத்தகம் அது.

படித்தார். படித்தது அவரைச் சும்மா இருக்கவிடவில்லை. தரங்கம்பாடி மிஷனரிகளோடு அவரே தொடர்பு ஏற்படுத்திக்கொண்டார். லுத்தரன் சபையில் சேர்ந்தார். பிறகு படை வேலையை விட்டு உபதேசியார் ஆனார். ஐரோப்பிய மிஷனரிகளுக்குத் தஞ்சாவூர் ராஜ்யத்தின் கதவு மூடிக்கிடந்த காலம் அது. அவர்கள் போக முடியாத ஊர்களில் ஒரு பறையர் புத்தகத்தைப் பிரித்து வாசித்துக் காட்டினார். எதிர்ப்பும் அடியும் வந்தன. அவர் விடவில்லை.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது, தனியாகப் படிப்பது என்ற செயல். கோயிலில் கடவுளுக்கும் நமக்கும் நடுவே வாசல் இருக்கிறது, பூசாரி இருக்கிறார், 'இதுவரைக்கும்தான்' என்ற கோடு இருக்கிறது. புத்தகத்தைத் திறந்தவனுக்கு அந்தக் கோடு இல்லை. குஷ்டரோகியைத் தொட்ட இயேசுவை, ஒதுக்கப்பட்டவரோடு உட்கார்ந்து சாப்பிட்ட இயேசுவைத் தீட்டென்று ஒதுக்கப்பட்ட ஒரு மனிதன் தன் கண்ணாலேயே படிக்கிறான். கடவுள் எனக்குப் பக்கத்தில் இருக்கிறார் என்று அவன் உணர்ந்தால், அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். யாராலும் அதைத் திரும்பப் பிடுங்கவும் முடியாது. இதை வெறும் பக்தி என்று ஒதுக்கிவிட முடியுமா? சுயமரியாதை முளைவிட்ட இடங்களில் இதுவும் ஒன்று.

ஆனால் கதை இங்கே முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கமாட்டேன்.

1733இல் தரங்கம்பாடி சபை முதல் தமிழருக்குக் குருப்பட்டம் கொடுத்தது. அவர் ஆரோன், வெள்ளாளர். அடுத்த குருவைத் தேர்ந்தெடுக்கும் நேரம் வந்தபோது ராஜநாயக்கன் பெயரும் பேசப்பட்டது. உழைப்பிலோ வேத அறிவிலோ அவரிடம் குறை இல்லை. தடை ஒன்றுதான்: பறையர் கையால் மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் நற்கருணை வாங்கமாட்டார்கள். சபை அந்தத் தடைக்குத் தலைவணங்கியது. 1741இல் தியோகுவுக்குப் பட்டம் கிடைத்தது. ராஜநாயக்கன் கடைசிவரை உபதேசியாராகவே இருந்தார்.

வேதத்தை வாசித்துக் காட்டலாம். அப்பத்தை எடுத்துக் கொடுக்கக் கூடாது. நாவுக்கு இருந்த அனுமதி கைக்கு இல்லை. அவர் படித்த புத்தகத்தைத்தான் அவரைத் தடுத்தவர்களும் படித்தார்கள். அவர்களும் கடவுளுக்கு நெருக்கமாகத்தான் உணர்ந்திருப்பார்கள். பக்கத்தில் இருந்த மனிதனோடுதான் அந்த நெருக்கம் வரவில்லை.

அது ஒரு காலத்துத் தவறு என்று தள்ளிவிட முடியாது. 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பியபோது தஞ்சாவூர் வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் எதிர்த்து நின்றார்கள். 2008இல் நம் பக்கத்து எறையூரில், ஆலயத்திலும் சவ ஊர்வலத்திலும் பாகுபாடு என்று தலித் கத்தோலிக்கர்கள் போராடியபோது கலவரமும் துப்பாக்கிச் சூடும் நடந்தன. அரசோ, 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையைக் காட்டி, கிறிஸ்தவராக மாறிய தலித்துக்குப் பட்டியல் சாதி உரிமை இல்லை என்கிறது. சபைக்குள் பறையர், அரசுக் காகிதத்தில் மட்டும் பறையர் இல்லை.

இப்போது அந்தக் கேள்விக்கு வருவோம். பைபிள் வாசித்தால் சாதி ஒழியுமா? ஒழியாது. முந்நூறு ஆண்டு வரலாறு அதைச் சொல்லிவிட்டது. ஆனால் வாசித்தவர், நற்கருணை மேசையில் தன்னைத் தடுப்பது கடவுளா மனிதனா என்று பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொள்கிறார். தடுப்பது மனிதன்தான் என்று தெரிந்த பிறகு அது விதி அல்ல, அநியாயம். அநியாயத்தோடு போராட முடியும்.

தென்முடியனூர் மக்கள் கேட்டதும் இதுதான். அம்மன் தங்களுக்குத் தூரமானவள் என்று அவர்கள் ஒருநாளும் நம்பவில்லை. வாசலில் நின்றவர்களைத்தான் விலகச் சொன்னார்கள்.

அதனால் தோழர்களே, விளக்கடியில் விரல் வைத்து வாசிக்கும் அம்மாவைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். என்ன படிக்கிறார் என்று கேளுங்கள். பிறகு இன்னொன்றையும் கேளுங்கள்: "உங்கள் சபையில் நற்கருணை யார் கையால் வருகிறது? கல்லறை எல்லாருக்கும் ஒன்றா?" அவர் சொல்லும் பதிலிலிருந்து நம் வேலை தொடங்கட்டும்.