காவிரி ஆற்றிலிருந்து திருச்சிராப்பள்ளிக் குன்று (ஓவியம்)

காவிரி ஆற்றிலிருந்து திருச்சிராப்பள்ளிக் குன்று என்பது ஆங்கிலேய ஓவியர்களான தாமஸ் டேனியல் (1749–1840), அவருடைய உடன்பிறந்தாரின் மகன் வில்லியம் டேனியல் (1769–1837) ஆகியோர் உருவாக்கிய அச்சோவியம் ஆகும். காவிரியின் தென்கரையிலுள்ள மலைக்கோட்டைக் குன்றை இது சித்தரிக்கிறது.

உருவாக்கம்

இருவரும் 1792–1793இல் தென்னிந்தியாவில் பயணம் செய்தபோது வரைந்த படங்களிலிருந்து இது உருவானது. செப்புத் தகட்டை அமிலத்தால் அரித்து அச்சிட்டு, பின்னர் கையால் வண்ணம் தீட்டுவது இவர்களது முறையாகும். 144 படங்கள் கொண்ட "கீழைத்தேயக் காட்சிகள்" (1795–1808) தொகுப்பின் இரண்டாம் வரிசையில் இது இடம்பெற்றது. தஞ்சைப் பெரிய கோயில் நந்தியின் படமும் அவ்வரிசையில் உள்ளது.

வரலாற்று முக்கியத்துவம்

கல்லணை தொன்மையானது. எனினும், ஆர்தர் காட்டன் முக்கொம்பில் மேலணையை அமைத்தது 1830களிலும், மேட்டூர் அணை நிறைவுற்றது 1934இலும் ஆகும். ஆகவே இவ்வோவியம், அவ்வணைகளால் நீரோட்டம் மாறுவதற்கு முற்பட்ட காவிரியைக் காட்டுகிறது.

ஆயினும், காட்சியழகு கருதி இயற்கைத் தோற்றத்தைச் சீரமைத்து வரையும் மரபைச் சேர்ந்தவர்கள் இவ்வோவியர்கள். எனவே ஆற்றின் அகலத்தையோ நீர்மட்டத்தையோ அறிய இப்படத்தை மட்டும் சான்றாகக் கொள்ள இயலாது. கல்வெட்டுகள், பழைய நிலப்படங்கள், பாசன ஆவணங்கள் ஆகியவற்றுடன் ஒப்பிட்டே பயன்படுத்துதல் வேண்டும்.