தந்தை பெயர் மட்டும் உள்ள வரி: திருகோணமலைப் போர்க் கல்லறைப் பதிவேடும் குடியானவப் படையாளின் குடும்பமும்

திருகோணமலையிலிருந்து நிலாவெளிக்குப் போகும் வீதியில், உப்புவெளியில் உள்ள போர்க் கல்லறையைப் பற்றி எழுதியவர்களுள் பெரும்பாலோர் கற்களைப் படித்தவர்கள். பதிவேட்டைப் படித்தவர்கள் சிலரே. அந்தச் சிலர் இரண்டாம் உலகப் போரில் இறந்த இந்தியப் படையினரைக் குறித்து இரண்டு முடிவுகளைச் சொல்லிவந்திருக்கிறார்கள்: ஒன்று, அவர்கள் சொந்த நிலத்தில் பயிரிட்ட உழவர் வீட்டுப் பிள்ளைகள், மற்றது, அவர்களில் பெரும்பகுதியினர் மணமாகாத இளைஞர்கள். இரண்டு முடிவுகளும் பதிவேட்டின் ஒரே ஒரு வரியை நம்பி நிற்கின்றன. அந்த வரிக்கு அவ்வளவு பாரம் தாங்காது என்பதே என் வாதம்.

பொதுநலவாயப் போர்க் கல்லறைகள் ஆணைக்குழுவின் பதிவேட்டில் இறந்தவரின் பெயர், சேவை எண், பதவி, படைப்பிரிவு, இறந்த நாள், தெரிந்தால் வயது ஆகியவை இருக்கும். அவற்றின் பின்னர் ஒரு சிறு வரி வரும்: இன்னாரின் மகன், இன்னாரின் கணவர், இன்ன ஊர், இன்ன மாவட்டம். முந்தைய ஆய்வுகள் இதைக் குடும்பம் சொன்ன செய்தியாக எடுத்துக்கொண்டன. பிரித்தானியப் படையினரைப் பொறுத்தவரை அது ஏறக்குறைய சரி. அவர்களுடைய வரிகளில் பல்கலைக்கழகப் பட்டம் வரும், பார்த்த தொழில் வரும், உடன்பிறந்தானும் போரில் இறந்தான் என்ற செய்தியும் வரும். வீட்டார் எழுதிக் கொடுத்தாலன்றி எந்த அலுவலகமும் அறிய முடியாத செய்திகள் இவை. இந்தியப் படையினரின் வரிகளிலோ இத்தகைய உபரிச் செய்திகள் மிக அரிது. தந்தை பெயர், ஊர், மாவட்டம், சில இடங்களில் மனைவி பெயர். அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

இந்த வறட்சிக்குக் காரணம் துயரத்தின் அளவு அல்ல, செய்தி எந்தத் தாளிலிருந்து வந்தது என்பதே என்று கருதுகிறேன். படையில் சேர்ந்த நாளில் ஆளைப் பற்றி எழுதிக்கொண்ட ஏட்டில் தந்தை பெயர், கிராமம், தாலுகா, மாவட்டம், அஞ்சலகம், அருகிலுள்ள புகையிரத நிலையம் ஆகியவை கேட்கப்பட்டன. மாதந்தோறும் சம்பளத்தில் பிடித்த பணம் மணியார்டராக வீடு போய்ச் சேர வேண்டும். ஆள் இறந்தால் ஓய்வூதியம் உரியவருக்குப் போக வேண்டும். பணம் போகும் வழியைக் குறித்த ஏடு அது. கல்லறைப் பதிவேட்டின் வரி அந்த ஏட்டின் சுருக்கமாகவே எனக்குத் தோன்றுகிறது. அகச்சான்றைக் கொண்டு சொல்லும் ஊகம்தான் இது. ஆனால் பதிவேட்டின் எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் ஊகம் வலுக்கிறதே தவிரத் தளரவில்லை. ஆணைக்குழுவின் படிவம் எல்லோருக்கும் ஒன்றுதானே என்று மறுப்போர் உண்டு. படிவம் ஒன்றுதான், நிரப்பிய கை வேறு. அவ்வளவே.

கற்களும் இதையே காட்டுகின்றன. 1917இல் இந்த ஆணைக்குழு தோன்றிய சில ஆண்டுகளுக்குள், முதற் போரில் இறந்தோரின் கல்லில் குடும்பத்தார் 66 எழுத்துக்குள் ஒரு வாசகம் பொறித்துக்கொள்ளலாம் என்ற ஏற்பாடு வந்தது. எழுத்துக்கு மூன்றரைப் பென்ஸ் கட்டணம். இரண்டாம் போரிலும் வாசகம் பொறிக்கும் உரிமை தொடர்ந்தது. இந்து வீரரின் கல்லிலோ வழக்கமாகக் காணப்படுவது தேவநாகரியில் பொறித்த இறைவணக்கம். இறந்தவர் தமிழராயினும் தெலுங்கராயினும் அதே எழுத்து. அவருடைய தாய் அந்தக் கல்லின் முன் வந்து நின்றிருந்தாலும், எழுத்தறிந்தவளாக இருந்தாலும், வாசித்திருக்க மாட்டாள். திருகோணமலையில் அடக்கமான கடற்படைத் தளபதி சார்ல்ஸ் ஒஸ்ரினின் வீட்டுக் கதை, அவர் ஜேன் ஒஸ்ரின் என்ற நாவலாசிரியையின் தம்பி என்பதால், உலகுக்கே தெரியும். உழவனுக்கு அப்படி ஒரு தமக்கை வாய்க்கவில்லை.

இனி மணமாகாமைக்கு வருவோம். மனைவி பெயர் இல்லாத இடமெல்லாம் மனைவியே இல்லை என்று எண்ணியதுதான் முந்தைய கணக்கின் பிழை. கூட்டுக் குடும்பத்தில் தந்தை உயிரோடிருக்க, பணம் அவர் பெயருக்கே போகும். மருமகள் அதே முற்றத்தில்தான் இருப்பாள். ஆனால் அஞ்சல்காரன் அவளைத் தேடி வரமாட்டான். ஆகவே “இன்னாரின் மகன்” என்று மட்டும் உள்ள வரி வீட்டில் பணம் வாங்க உரியவர் யார் என்பதைச் சொல்கிறதேயன்றி, வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்பதைச் சொல்லவில்லை. இருபத்தைந்து வயதைக் கடந்த, தென்னிந்தியக் கிராமத்தைச் சேர்ந்த ஒருவரைத் தந்தை பெயரை மட்டும் கண்டு பிரமச்சாரியாக்குவது, அக்காலத் திருமண வழக்கம் அறிந்த எவரையும் தயங்க வைக்கும். தந்தை பெயரே இல்லாமல் மனைவி பெயர் மட்டும் வரும் வரிகளே என் கருத்துக்குத் துணை. அங்கே தந்தை இறந்திருக்கலாம், அல்லது மகன் தனிக்குடித்தனம் போயிருக்கலாம். எல்லா வரிகளுக்கும் இது பொருந்தும் என்று சொல்லத் துணியவில்லை. ஆனால் எண்ணிக்கை எடுக்க இந்த வரி உதவாது என்பதில் எனக்கு ஐயம் இல்லை.

சொந்த நிலத்து உழவர் என்ற முடிவு இன்னும் பலவீனமானது. அது பஞ்சாபிலிருந்து இரவல் வாங்கிய சித்திரம். அங்கே நிலமுடைய சாதிகளிலிருந்தே ஆட்கள் விரும்பி எடுக்கப்பட்டார்கள். சென்னை மாகாணத்தின் காலாட்படைப் பிரிவுகளோ முதற் போருக்குப் பின் 1920களில் கலைக்கப்பட்டன. இரண்டாம் போரின் நெருக்கடியில்தான் சென்னைப் படைப்பிரிவு மீண்டும் எழுந்தது. அப்போது சேர்ந்தவர்களில் பலர் போனது துப்பாக்கிப் பிரிவுகளுக்கு அல்ல. பாதை வெட்டவும் மூட்டை தூக்கவும் அமைந்த முன்னோடிப் படைகளுக்கு. தஞ்சாவூர்ப் பண்ணையாட்களுக்குச் சட்டப் பாதுகாப்பு வந்தது 1952இல். அதற்குப் பத்தாண்டு முன்னர் ஒரு காவிரிக் கரைக் கிராமத்திலிருந்து படைக்குப் போனவரை, ஊர்ப்பெயரை மட்டும் கண்டு நிலமுடையவர் என்று எப்படிச் சொல்வது? உழுதவர் என்று சொல்லலாம். யாருடைய வயலை உழுதார் என்பது வரியில் இல்லை. அவர் நெசவாளியாகவோ மரமேறியாகவோ இருந்திருக்கவும் கூடும்.

உடன்பிறந்தாரைத் தேடுவதிலும் இதே சிக்கல். பிரித்தானியக் குடும்பத்தின் இரு பிள்ளைகள் ஒரே குடும்பப் பெயரின் கீழ் அகரவரிசையில் அடுத்தடுத்து நிற்பார்கள். தமிழ் வீட்டு அண்ணன் தம்பியர் தத்தம் பெயரின் கீழ் பக்கங்கள் தள்ளிப் பிரிந்து கிடப்பார்கள். தந்தை பெயரையும் ஊரையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஒட்டுவார்கள். 1942இல் இலங்கைக்கு வந்த கிழக்கு ஆபிரிக்கப் படையினரின் நிலை இதனினும் மோசம். ஆபிரிக்கப் படையினர் பலரின் பெயருக்குப் பின்னால் அந்த ஒரு வரியே இல்லை. முதற் போரில் இறந்த ஆசிய, ஆபிரிக்கப் படையினர் பலர் சமமாக நினைவுகூரப்படவில்லை என்று ஆணைக்குழுவே 2021இல் ஒப்புக்கொண்டது. இரண்டாம் போரின் பதிவேடுகளைக் குறித்து அதே கூர்மையோடு யாராவது எழுத வேண்டும்.

துறைமுகத்தைச் சுற்றியிருந்த உழவர்களின் கதை வேறு. தம்பலகாமம், கிண்ணியா, மூதூர் ஆகிய ஊர்களின் பெயர் பதிவேட்டில் கண்ணில் படாததைக் கொண்டு, போர் துறைமுகத்தோடு நின்றது, வயலுக்கு வரவில்லை என்று ஒரு சாரார் எழுதினர். 1939 செப்டெம்பர் 3 முதல் 1947 டிசெம்பர் 31 வரை படைச் சேவையில் இறந்தவர்களுக்கும் வணிகக் கப்பலோர் போன்ற சில பிரிவினருக்குமே அப்பதிவேடு உரியது. நாட்கூலிக்குச் சீனக்குடா விமானத்தளத்தில் மண் சுமந்தவர் இறந்திருந்தாலும் அதில் இடம்பெறமாட்டார். விதி விலக்கியவரைப் பதிவேட்டில் காணோம் என்று வியப்பதில் பொருளில்லை.

யப்பானிய விமானங்கள் சீனக்குடாவையும் எண்ணெய்க் குதங்களையும் தாக்கியது 1942 ஏப்ரல் 9ஆம் திகதி. பெரும்போக வெட்டு முடிந்து, சிறுபோக விதைப்பு இன்னும் முற்றாகத் தொடங்காத இடைக்காலம் அது. வயலில் வேலை குறைந்து, கூலி வேலை தேடும் மாதம். கந்தளாய், தம்பலகாமம், சீனக்குடா, துறைமுகம் ஆகியவற்றை ஒரே புகையிரதப் பாதை இணைத்திருந்தது. உழவர்கள் அன்று குதங்களின் அருகே வேலையில் இருந்தார்கள் என்று நிறுவ இது போதாதுதான். இல்லை என்று சொல்ல அதைவிடக் குறைந்த ஆதாரமே உண்டு.

அதே ஆண்டு பர்மா யப்பானியர் கைக்குப் போய், அங்கிருந்து வந்த அரிசி நின்றது. அரசு உள்ளூர் நெல்லைக் கொள்வனவு செய்யத் தொடங்கியது. தேட வேண்டிய இடம் அந்தக் கொள்வனவுக் கணக்குகளும், வயல்களை மேற்பார்த்த வட்டவிதானைமாரின் வயற்பட்டியல்களும்தான். ஒரு வயல் 1941இன் வயற்பட்டியலில் ஓர் ஆணின் பெயரிலும், அதன் நெல் 1943இன் கொள்வனவுக் கணக்கில் அவர் மனைவியின் பெயரிலும் இருந்தால், இடைப்பட்ட போகங்களில் அந்த ஆள் எங்கே இருந்தார் என்ற கேள்வியை ஆய்வாளர் அங்கிருந்து எழுப்பலாம். கல்லறைப் பதிவேட்டிலிருந்து எழுப்ப முடியாது.