ஊவாவின் தோட்டப் பாடசாலையும் ஆசிரியரின் குரலும்

பெருந்தோட்டக் கல்வியின் வரலாற்றை ஆராய்வோர் சட்டங்களையும் மாணவர் தொகையையும் கணக்கிடுவர். அக்கல்வியைத் தாங்கி நின்றது எது என வினவுவோர் சிலரே. கட்டடமும் நூலும் அருகியிருந்தவிடத்து ஆசிரியரின் குரலே அதனைத் தாங்கியது எனலாம்.

1886இல் ஊவா தனி மாகாணமாகிப் பதுளை அதன் தலைநகராயிற்று. 1924இல் புகையிரதப் பாதை பதுளையை அடைந்தது. இதற்கிடையே, 1920ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டம், 6 முதல் 10 வயதுவரையான தோட்டப் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வியும் ஆசிரியரும் பள்ளியறையும் வழங்கும் கடமையைத் தோட்ட நிருவாகத்தின்மேற் சுமத்தியது. சட்டம் வேண்டியது ஓர் அறை, வகுப்புகளோ பல. பசறை, அப்புத்தளை, மடுல்சீமை முதலிய மலைத் தோட்டங்களிலும், பிற பகுதிகளிற்போலவே, தடுப்புச் சுவரற்ற ஒரே மண்டபத்தில் ஓராசிரியர் பல வகுப்புகளை நடத்தும் முறை வேரூன்றியது. ஒரு மூலையில் வாய்பாடு ஒலிக்க, மறு மூலையில் பாடம் நடக்கும்.

இரைச்சலிடையே பேசுபவர் தம்மையறியாமலே குரலை உயர்த்துவர் என்பதை 1911இல் பிரெஞ்சு மருத்துவர் எத்தியேன் லொம்பார்ட் எடுத்துக்காட்டினார். பேசும்போது குரல்நாண்கள் வினாடிக்கு நூற்றுக்கு மேற்பட்ட தடவைகள் ஒன்றோடொன்று மோதும். குரல் உயருந்தோறும் மோதல் வலுக்கும். ஓய்வு கிட்டாதாயின் நாண்களின் விளிம்பில் முடிச்சுகள் தோன்றிக் குரல் கம்மும். ஊவாவிற் காலநிலையும் இதற்குத் துணைபோகின்றது. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவில் மழையைப் பொழிந்துவிட்டு வறண்டு ஊவாவில் இறங்கும். ஆடி, ஆவணியில் தேயிலைக்குத் தனிமணம் ஊட்டும் அதே காற்று, ஓயாது பேசுவோரின் தொண்டையை உலர்த்துகின்றது.

1977முதல் தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது. 1980களின் பிற்பகுதியில் சுவீடன் நாட்டுதவியுடன் புதிய கட்டடங்கள் எழுந்தன. சுவர் எழுந்தவிடத்துக் குரலின் சுமையும் குறைந்தது. ஆசிரியரின் உடல்நலம் கட்டட அமைப்போடு பிணைந்தது என்பதற்கு இதுவே சான்று.

போலந்து நாடு ஆசிரியரின் குரற்கேட்டைத் தொழில்நோயாகவே ஏற்றுள்ளது. கொழுந்து பறிப்பவரின் கையை உழைக்கும் உறுப்பாகக் கொள்ளும் சமூகம், அவர்தம் பிள்ளைக்கு எழுத்தறிவித்தவரின் தொண்டையையும் அவ்வாறே கொள்ளுதல் வேண்டும். தடுப்புச் சுவரும், குடிநீரும், பாடவேளைகளிடையே சிறிது மௌனமும் சலுகைகளல்ல. கல்வியின் அடிப்படைத் தேவைகளாம்.