அத்திவாரத்தை மாற்றிய ஆண்டு

குடியிருக்கும் வீட்டின் அத்திவாரத்தை, வீட்டாரை வெளியேற்றாமலே பெயர்த்து மாற்றுதல் கூடுமோ? மேசனாரைக் கேட்டால் நகைப்பார். ஆயினும் கணினி உலகில் 1998ஆம் ஆண்டில் அத்தகைய செயல் ஒன்று நடந்தேறியது.

பின்லாந்தின் ஹெல்சிங்கி நகரில் மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் லினக்ஸ் என்னும் கருவை வெளியிட்டார். கரு மட்டும் இயங்குதளம் ஆகிவிடாது. அதனைச் சூழப் பற்பல மென்பொருள்கள் வேண்டும். அவற்றைப் பொதிகளாகத் திரட்டி வழங்கும் பணியை 1993இல் இயன் மேர்டொக் என்பார் தொடங்கினார். அதுவே டெபியன்.

கோப்பைத் திறத்தல், திரையில் எழுத்தைக் காட்டல் முதலியவற்றை ஒவ்வொரு மென்பொருளும் தானே செய்வதில்லை. சீ நூலகம் என்னும் பொது அத்திவாரத்தையே ஏவும். 1997இல் வந்த டெபியன் 1.3, அந்நூலகத்தின் ஐந்தாம் வடிவத்தைச் சார்ந்திருந்தது. குனூ நூலகத்திலிருந்து லினக்ஸ் அன்பர்கள் கிளைத்தெடுத்து வளர்த்தது அது. குனூ அமைப்பினரே புதுக்கியளித்த ஆறாம் வடிவத்துக்கு 1998 ஜூலையில் வந்த 2.0 மாறியது. ஐந்துக்கெனத் தொகுத்த மென்பொருள் ஆறினோடு இயங்காது. இங்கேதான் இடர்.

அனைத்தையும் அழித்துப் புதிதாய் நிறுவுதல் எளிது. எனினும் இடையறாது ஓடவேண்டிய பொறிகளை வைத்திருந்தோர் என் செய்வர்? ஆலயத் திருப்பணிக் காலத்தில் மூர்த்தியைப் பாலஸ்தாபனம் செய்து, பூசை வழுவாது நடத்துவர் நம்மவர். டெபியன் தொண்டர்கள் கண்ட வழியும் ஏறக்குறைய அதுவே. பழைய நூலகங்களுக்கெனத் தனியிடம் ஒதுக்கி, பழைய மென்பொருள்கள் அங்கேயே நாடுமாறு அமைத்தனர். புதியவை தமக்குரிய இடத்தில் ஒவ்வொன்றாய் வந்து அமர்ந்தன.

வரிசை பிசகலாகாது. நூலகங்களை மென்பொருளோடு இணைக்கும் ஏற்றி முதலில். பழைய நூலகத்தின் திருத்திய பொதி அடுத்து. அதன்பின் புதிய நூலகம். கட்டளைகளை ஏற்று நடத்தும் பாஷ் அதற்கும் பின்னரே. ஏனெனில் பொதிகளை அமைக்கும் கட்டளைக் கோவைகள் பாஷ் வாயிலாகவே நடைபெறும். அது சாய்ந்திருக்கும் துணைநூலகம் நடுவழியில் அகன்றால் பாஷ் வீழும். பாஷ் வீழ்ந்தாற் பழுதைத் திருத்தும் கருவியும் உடன்வீழும். நிற்கும் கிளையையே வெட்டிய கதைதான்! இவ்வரிசையைக் கையாற் செய்ய அஞ்சுவோர்க்கென ஓட்டோஅப் என்னும் கட்டளைக் கோவை எழுதப்பட்டது. பொதி நிறுவும் டிபிகேஜி என்னும் கருவியும் அதனாலேயே புதுக்கப்பட்டது. பொறியோ ஓடிக்கொண்டேயிருந்தது.

ஆறாம் வடிவத்துக்கெனத் தொகுத்த நூலகங்களைப் பழையவற்றினின்றும் பிரித்தறிய, அவற்றின் பெயரோடு 'ஜி' என்னும் எழுத்தைச் சேர்த்தனர். ஐந்தாம் வடிவம் மறைந்து நெடுநாளாயிற்று. எனினும் தரவைச் சுருக்கும் நூலகத்தின் பொதி, 2023இல் வந்த டெபியன் 12இலும் அவ்வெழுத்தைத் தாங்கி, 'இசட்லிப்1ஜி' என்றே விளங்குகின்றது.