டிராம் கைப்பிடியும் ரோபோ சண்டையும்

இந்தியாவின் முதல் மின்சார டிராம் பம்பாயிலோ கல்கத்தாவிலோ ஓடவில்லை. நம் சென்னையில்தான் ஓடியது. நாள்: 1895 மே 7. முதலில் தரைக்கடியில் பதித்த கம்பியிலிருந்து மின்சாரம் எடுத்தார்கள். தலைக்கு மேலே கம்பி வந்தது பிறகுதான். 58 ஆண்டுகள் ஓடி, 1953 ஏப்ரலில் டிராம் நின்றுபோனது. எண்பதைத் தாண்டிய மயிலாப்பூர்வாசிகள் சிலருக்கு அந்த மணியோசை இன்னும் காதில் இருக்கும்.

டிராம் ஓட்டுநர் நின்றுகொண்டே ஓட்டுவார். ஒரு கையில் பிரேக், இன்னொரு கையில் பித்தளைக் கைப்பிடி. அந்தக் கைப்பிடிக்குக் கீழே இருந்த உயரமான பெட்டிக்குப் பெயர் 'கன்ட்ரோலர்'. இந்த ஊர் முதன்முதலில் பார்த்த மோட்டார் வேகக் கட்டுப்பாட்டுக் கருவிகளில் அதுவும் ஒன்று. அதை இப்போது நினைக்க ஒரு காரணம் உண்டு. பொறியியல் படிக்கும் என் தங்கையின் பேரன், சண்டை போடும் ரோபோ ஒன்று செய்கிறான். "எந்த கன்ட்ரோலர் வாங்கலாம் தாத்தா?" என்று கேட்டான். அவனுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

ஓடும் மோட்டார், தனக்கு வரும் மின்சாரத்தைத் தானே எதிர்க்கும். வேகம் கூடக் கூட அந்த எதிர்ப்பும் கூடும். நின்றிருக்கும் மோட்டாருக்கு அந்த எதிர்ப்பே கிடையாது. அதனால் புறப்படும் நொடியில்தான் அது மிக அதிக மின்சாரத்தை இழுக்கும். டிராமில் இதைச் சமாளிக்கத் தடைக்கம்பிகள் வைத்தார்கள். கைப்பிடி முதல் படியில் இருக்கும்போது எல்லாத் தடைகளும் குறுக்கே நிற்கும். வண்டி வேகம் பிடிக்கப் பிடிக்க, ஓட்டுநர் ஒவ்வொரு படியாகத் திருப்பித் தடைகளை விலக்குவார். அவசரப்பட்டுத் திருப்பினால் வண்டி குலுங்கும், ஃபியூஸ் போகும். நடுப்படியிலேயே நிறுத்தி வைத்தால் தடைக்கம்பி பழுத்துவிடும். பழைய ஃபேன் ரெகுலேட்டர் பெட்டி கை வைத்தால் சுடுமே, அதே சங்கதிதான்.

1931-ல் கடற்கரை - தாம்பரம் மின்ரயில் வந்தது. மாம்பலம், சைதாப்பேட்டை வழியாக 1,500 வோல்ட் நேர்மின்சாரத்தில் ஓடியது. உலகின் பல ஊர் மின்ரயில்களில் அந்தக் காலத்திலேயே ஒரு ரிலே வைத்திருந்தார்கள். மோட்டார் இழுக்கும் மின்சாரம் ஒரு வரம்புக்குக் கீழே இறங்கும்வரை அது அடுத்த படிக்கு விடாது. ஓட்டுநரின் நிதானத்தில் ஒரு பங்கு கருவிக்குள் போனது அப்படித்தான்.

ரோபோ சண்டைக்கு வருவோம். 1994-ல் சான் பிரான்சிஸ்கோவில் போட்டியாக நடந்த விளையாட்டு இது. பிறகு பிரிட்டிஷ், அமெரிக்கத் தொலைக்காட்சிகளில் புகழ்பெற்று, நம் அடையாறு பக்கம் ஐ.ஐ.டி.யின் 'சாஸ்த்ரா' விழா வரை வந்துவிட்டது. இங்கே கன்ட்ரோலர் உள்ளங்கையளவுதான். தடைக்கம்பி கிடையாது. நொடிக்குப் பல்லாயிரம் முறை மின்சாரத்தை வெட்டி வெட்டி விடும் சில்லுகள் மட்டுமே. வெட்டும் இடைவெளியை மாற்றினால் வேகம் மாறும்.

ஆனால் மோட்டாரின் குணம் மாறவில்லை. எதிராளி ரோபோ நம்முடையதைச் சுவரோடு அழுத்தினால் மோட்டார் நின்றுவிடும். ஒரு கணக்கு பாருங்கள். 24 வோல்ட் பேட்டரி, மோட்டாரின் தடை 0.2 ஓம் என்றால், நின்ற மோட்டார் 120 ஆம்பியர் இழுக்கும். சாதாரணமாக ஓடும்போது 20 ஆம்பியர் என்று வையுங்கள். கன்ட்ரோலரின் உள்தடை 0.005 ஓம் என்றால், ஓடும்போது அதில் உண்டாகும் வெப்பம் 2 வாட். நின்றால் 72 வாட். மின்சாரம் 6 மடங்கு, வெப்பம் 36 மடங்கு! நகத்தளவு சில்லுகள் மீது மூன்று சால்டரிங் அயர்னை வைத்ததுபோல். முழு வேகத்தில் போய்க்கொண்டே சட்டென்று பின்னோக்கித் திருப்பினால் இன்னும் மோசம்.

ரிச்சி தெருவில் ஒரு கன்ட்ரோலரில் 43 ஆம்பியர் என்று எழுதியிருக்கும். அத்தனையை அது தொடர்ந்து தாங்கும் என்று அர்த்தமில்லை. நொடிப்பொழுது எவ்வளவு, தொடர்ந்து எவ்வளவு என்று இரண்டையும் கேட்க வேண்டும். மின்சாரத்துக்கு வரம்பு கட்டும் வசதி உள்ளதா என்றும் பார்க்க வேண்டும். பழைய ரயில் ரிலேயின் வேலையை அது செய்யும். வோல்ட்டையும் கவனிக்க வேண்டும். ஆறு செல் லித்தியம் பேட்டரியில் 22.2 என்று போட்டிருந்தாலும், முழுதாக சார்ஜ் ஏறினால் 25.2 வோல்ட் காட்டும். ட்ரோனுக்கென்று செய்த கன்ட்ரோலர்கள் பல ஒரே பக்கம் சுற்றத்தான் உதவும். சக்கரத்துக்கு முன்னும் பின்னும் போகத் தெரிய வேண்டும்.

இதெல்லாம் வெறும் பண விஷயம் இல்லை. இந்தச் சில்லுகள் கருகும்போது பெரும்பாலும் 'ஷார்ட்' ஆகித்தான் போகும். சுழலும் கத்தியின் மோட்டாரை ஒரே சில்லு இயக்கினால், ரிமோட்டை விட்டாலும் கத்தி நிற்காது. பக்கத்தில் நிற்பது நம் வீட்டுப் பிள்ளை. அதனால்தான் ரிமோட் தொடர்பு அறுந்தால் தானே நிற்கும் ஏற்பாடும், வெளியிலிருந்து பிடுங்கக்கூடிய ஓர் இணைப்பும் கட்டாயம் வேண்டும் என்கிறார்கள்.

டிராம் ஓட்டுநருக்குக் கையில் நிதானம் இருந்தது. பார்த்துப் பார்த்துத் திருப்பினார். மூன்று நிமிடச் சண்டையில் பையனின் கண் எதிராளி மேல் இருக்கும். அன்று கை செய்த யோசனையை இன்று கடையில் வாங்கும்போதே செய்து முடித்துவிட வேண்டும்.

உங்கள் பேரனோ பேத்தியோ கன்ட்ரோலருக்குப் பணம் கேட்டால் தாராளமாகக் கொடுங்கள். கொடுக்கும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "மோட்டார் நின்றுபோனால் எத்தனை ஆம்பியர் இழுக்கும்?" பதில் தெரிந்திருந்தால் கவலையில்லை. தெரியாவிட்டால், கணக்குப் போட்டுவிட்டு நாளைக்கு வரச் சொல்லுங்கள்.